குழந்தை இதயத்தின் குறை கண்ட ஹெலன் டாசிக்

நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகிய பெருமக்களைப் பற்றி எழுத என்னினும் தகுதி வாய்ந்தோர் நம்மிடையே பலர் உளர். ஆகவே நான் கடல் கடந்த ஒரு பெண் மருத்துவரைத் தேர்ந்து கொண்டேன். நம் பிள்ளைகளில் சிலர் இன்று செவிலியராகவும், ஆய்வகப் பணியாளராகவும், ஓரிருவர் மருத்துவராகவும் ஆகியிருக்கிறார்கள். அன்னார் அறிய வேண்டிய வரலாறு இது. மேலும், இவ்வரலாற்றின் நடுவே நாம் மறக்கலாகாத மற்றொரு மனிதர் நிற்கிறார். அவரை உரிய இடத்தில் காட்டுவேன்.

ஹெலன் புரூக் டாசிக் அம்மையார் 1898 ஆம் ஆண்டு மே திங்கள் 24 ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தையார் பிராங்க் டாசிக், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். நால்வரில் இளையவர் ஹெலன். பதினோராம் வயதில் அவர் அன்னையைக் காசநோய் கொண்டு போயிற்று. சிறுமியையும் அந்நோய் சில காலம் வாட்டியது. போதாக்குறைக்கு அவருக்கு எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதே பெரும்பாடாக இருந்தது. எழுத்துகள் இடம் மாறித் தோன்றும் அக்குறையை இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். அக்காலத்தில் அதற்கு மந்த புத்தி என்றுதான் பெயர். தந்தையார் நாள்தோறும் மகளை அருகில் இருத்திப் பொறுமையாகப் பயிற்றினார். ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டு கழித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை அறிவற்ற பிள்ளை அன்று. ஆனால் அப்பிள்ளைக்கு ஹெலனின் தந்தையைப் போல் ஒருவர் வாய்க்க வேண்டும். நம் வளவுகளில் விடியுமுன் வேலைக்குச் செல்லும் பெற்றோர்க்கு அந்த ஓய்வு ஏது? அக்குறையை நிறைக்கவே இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் மாலை வகுப்புகளை நடத்தி வருகிறது.

1921 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஹெலன் மருத்துவம் பயில விழைந்தார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அந்நாளில் பெண்களைச் சேர்த்துக் கொள்வதில்லை. அங்குள்ள பொதுச் சுகாதாரப் பள்ளியிலோ பாடம் கேட்கலாம், பட்டம் மட்டும் கிடையாது என்றார்கள். திசுவியல் வகுப்பில் அமர அனுமதி கிடைத்தது. அதற்கும் நிபந்தனைகள் இருந்தன. விரிவுரைக் கூடத்தின் ஒரு மூலையில் தனியே அமர வேண்டும். ஆண் மாணவரோடு ஒரு சொல்லும் பேசலாகாது. உருப்பெருக்கியில் காண வேண்டியவற்றையும் தனியறையில் இருந்தே காண வேண்டும்.

இதைப் படித்தபோது, வீட்டிலிருந்து கொண்டு சென்ற சாக்குத் துண்டை விரித்து வகுப்பறையின் மூலையில் தனியே அமர்ந்த சிறுவன் பீமராவ் என் கண்முன் தோன்றினார். எனினும் இரண்டும் ஒன்றெனச் சொல்ல மாட்டேன். ஹெலன் செல்வாக்குள்ள பேராசிரியரின் மகள். ஒரு கல்லூரி மறுத்தால் மற்றொரு கல்லூரியின் கதவைத் தட்ட அவருக்கு வழியிருந்தது. பள்ளிக் குடத்துத் தண்ணீரைத் தொடும் உரிமையும் நம் தலைவருக்கு இருந்ததில்லை. மூலைகள் ஒன்றுபோல் தோன்றினாலும் அவற்றின் ஆழம் வேறு.

ஹெலன் மற்றொரு கதவைத் தட்டவே செய்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பயிற்றிய அலெக்சாண்டர் பெக் என்பவர், ஒரு நாள் ஒரு மாட்டின் இதயத்தை அவரிடம் தந்து ஆராயுமாறு பணித்தார். அம்மையாரின் வாழ்வு முழுவதற்குமான பாடம் அன்று அவர் கையில் வந்து சேர்ந்தது. ஆண்களும் பெண்களும் சமமாகச் சேர்க்கப்பட்ட பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லுமாறு நெறிப்படுத்தியவரும் அவரே. அங்கே 1927 இல் ஹெலன் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1930 இல் அக்கல்லூரியின் குழந்தை மருத்துவத் துறைத் தலைவர் எட்வர்ட்ஸ் பார்க், குழந்தைகளுக்கான இதயநோய்ப் பிரிவை அவர் பொறுப்பில் ஒப்படைத்தார். அதே காலத்தில்தான் பேரிடி ஒன்று விழுந்தது. முப்பது வயதையொட்டி அவரது செவிப்புலன் சிறிது சிறிதாக மங்கலாயிற்று. இதய மருத்துவர்க்குச் செவி எத்தகைய கருவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்காத மருத்துவரை நாம் கண்டதுண்டோ? அம்மையார் ஒலியைப் பெருக்கிக் காட்டும் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தார். பிறர் பேசும்போது உதட்டசைவைக் கொண்டு பொருளறியக் கற்றார். அவற்றினும் மேலாகத் தம் விரல்களைப் பழக்கினார். குழந்தையின் மார்பில் உள்ளங்கையை மெல்லப் பதித்து, இதயத்தின் துடிப்பையும், இரத்தம் இடுக்கு வழியே பீறிட்டுப் பாயும்போது எழும் அதிர்வையும் விரல் நுனியால் உணர்ந்தார். பிற மருத்துவர்கள் செவியால் கேட்டதை அவர் தொட்டறிந்தார்.

அக்காலத்தில் இன்றுள்ள எக்கோ கருவி இல்லை. உயிரோடிருக்கும் குழந்தையின் இதயத்திற்குள் என்ன கோளாறு என்று துணிந்து சொல்வார் அரியர். கனடா நாட்டு மாட் அபட் அம்மையார் பிறவி இதயக் குறைகளில் ஆயிரம் நேர்வுகளைத் தொகுத்து 1936 இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அவற்றைக் குறித்த அறிவில் பெரும்பகுதி இறந்த பின் அறுத்துப் பார்த்துத் தெரிந்து கொண்டதே. ஹெலனோ உயிருள்ள குழந்தையிலேயே அதைக் கண்டறிய முற்பட்டார். புளூராஸ்கோப் என்னும் ஊடுகதிர்த் திரையின் முன் குழந்தையை நிறுத்தி, நேராகவும் இடமாகவும் வலமாகவும் திருப்பி, இதயத்தின் எந்த அறை பருத்துள்ளது, எது சிறுத்துள்ளது, நுரையீரலுக்குக் குருதி மிகுந்து செல்கிறதா, குன்றிச் செல்கிறதா என நோக்கினார். இதய மின்வரைபடத்தை அதனோடு ஒப்பிட்டார். உதட்டின் நிறத்தையும், விரல் நுனிகள் முருங்கைக்காய் போல் தடித்திருக்கின்றனவா என்பதையும் பார்த்தார். குழந்தை இறக்க நேரின், அறுவைக் கூடத்துக்குச் சென்று தம் கணிப்பு சரிதானா என்று ஒத்துப் பார்த்தார். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் உழைத்தபின் ஓர் உண்மை புலனாயிற்று. ஒரே வகைக் குறை கொண்ட குழந்தைகள் திரையில் ஒரே வகை நிழலைக் காட்டினர். குழம்பிக் கிடந்த குறைகளை வகை பிரித்து அறியலாம் என்னும் நம்பிக்கை அதனால் பிறந்தது.

அவரிடம் வந்த குழந்தைகளுள் மிகவும் இரங்கத்தக்கோர் நீலக் குழந்தைகள் எனப்பட்டவர்களே. பால் குடிக்கும்போதும் அழும்போதும் அவர்தம் உதடும் நகமும் நாவற்பழம் போல் கருநீலமாகும். இவர்களுட் பலருக்கு ஒன்றன்று, நான்கு குறைகள் ஒருங்கே அமைந்திருந்தன. அதனை 1888 இல் தெளிவுற விளக்கியவர் பிரான்சு நாட்டு மார்செய் நகர மருத்துவர் ஃபாலோ. ஆதலின் அது ஃபாலோவின் நாற்குறை என வழங்குகிறது.

இளைஞர்கள் எளிதில் விளங்கிக் கொள்ளும் பொருட்டு நம் வயல் வாய்க்காலைக் கொண்டு சொல்கிறேன். இதயத்தின் வலப்புறக் கீழறை, உயிர்வளி குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்புறக் கீழறை, உயிர்வளி நிறைந்த இரத்தத்தைப் பெருந்தமனி வழியே உடலுக்கு அனுப்புகிறது. நுரையீரலுக்குச் செல்லும் மடை குறுகிப் போயிற்று என்று கொள்க. இரண்டு அறைகளுக்கும் நடுவேயுள்ள வரப்பிலோ ஓர் உடைப்பு. பெருந்தமனியின் வாயும் அவ்வுடைப்பின் மேலேயே சரிந்து நிற்கிறது. குறுகிய மடைக்கு எதிராக அழுத்தி அழுத்தி வலக் கீழறையின் சுவர் தடித்துப் போகிறது. நுரையீரலுக்குப் போக வேண்டிய இரத்தம் வழி காணாமல் உடைப்பின் வழியே பெருந்தமனியிற் கலந்து, தூய்மை பெறாமலே உடலெங்கும் ஓடுகிறது. நீல நிறத்தின் காரணம் இதுவே.

இக்குழந்தைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. நாலடி நடந்ததும் குத்துக்காலிட்டு அமர்ந்து விடுவார்கள். அவ்வாறு அமர்கையில் கால்களின் இரத்தக் குழாய்கள் மடங்கி அழுந்துகின்றன. உடலுக்குப் பாயும் வழி சற்று இறுகுவதால், நுரையீரலுக்குச் செல்லும் இரத்தம் சற்றுக் கூடுகிறது. எவரும் கற்பிக்காமல் குழந்தையின் உடலே கண்டுகொண்ட மருத்துவம் அது.

இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. நான் பணியிற் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். உடற்பயிற்சி வேளையில் பிறர் ஓட, இவன் மட்டும் பாதியில் குத்துக்காலிட்டு அமர்வான். சோம்பல் என்று கருதி அவனைப் பலமுறை அதட்டியிருக்கிறேன். ஒருநாள் பிரம்பையும் ஓங்கினேன். அவன் உதடு கறுத்திருந்ததைக் கண்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. குடும்பத்தோடு வேலை தேடித் திருப்பூர் சென்று விட்டதாகக் கூறினார்கள். அவன் நோய் இன்னதென்று இன்றுவரை நான் அறியேன். டாசிக் அம்மையாரின் வரலாற்றைப் படித்த அன்று அவன் நினைவு வந்தது. பி.எட். பயிற்சியில் குழந்தை உளவியல் கற்றேன். குழந்தையின் உதட்டைப் பார்க்க எவரும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

வரலாற்றுக்குத் திரும்புவோம். நீலக் குழந்தைகளுட் சிலர் பிறந்த சின்னாட்கள் ஓரளவு நலமாயிருந்து, பின்னர் திடீரென நலிவதை ஹெலன் கவனித்தார். கருவில் இருக்கும்போது பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் சிறு குழாய் ஒன்றுண்டு. பிறந்தபின் அது தானே மூடிக் கொள்ளும். அது திறந்திருக்கும் வரையில் நீலக் குழந்தைக்குக் கிளை வாய்க்காலாக நின்று நுரையீரலுக்கு இரத்தம் ஊட்டுகிறது. மூடியதும் குழந்தை வாடுகிறது என்று அவர் தெளிந்தார். அவ்வாறாயின் அத்தகைய கிளை வாய்க்கால் ஒன்றை மருத்துவரே வெட்டித் தந்தால் என்ன? பாஸ்டன் நகரின் ராபர்ட் கிராஸ், மூடாமல் நின்ற அக்குழாயை 1938 இல் அறுவை மூலம் கட்டிப் புகழ் பெற்றிருந்தார். அவரிடம் சென்று, கட்டத் தெரிந்தவர் புதிதாக ஒன்றை அமைக்கவும் முயலலாகாதா என்று ஹெலன் வேண்டினார். கிராஸ் அதில் நாட்டம் கொள்ளவில்லை.

1941 இல் ஆல்பிரட் பிளாலாக் என்னும் அறுவை மருத்துவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குத் தலைமை அறுவையராக வந்தார். அவரோடு வந்தவரே நான் முன்பு குறிப்பிட்ட மனிதர். அவர் பெயர் விவியன் தாமஸ். 1910 இல் பிறந்த கறுப்பினத்தவர். தச்சர் மகன். தாமும் தச்சு வேலை செய்து, மருத்துவம் படிப்பதற்கெனக் காசு சேர்த்தார். பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கி முறிந்து அக்காசு முழுவதும் போயிற்று. 1930 இல் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளாலாக்கின் ஆய்வகத்தில் வேலைக்கு அமர்ந்தார். செய்தது ஆராய்ச்சி. ஏட்டில் பதிந்த பதவியும் பெற்ற கூலியும் துப்புரவுப் பணியாளருக்குரியவை. பால்டிமோருக்கு வந்தபோதும், மருத்துவமனையில் துப்புரவுப் பணியன்றி வேறு பணியில் கறுப்பினத்தார் இல்லை. வெள்ளை மேலங்கியுடன் அவர் தாழ்வாரத்தில் நடந்தால் எதிர்ப்பட்டோர் திரும்பித் திரும்பிப் பார்த்தனர். ஊதியம் போதாமையால் பிளாலாக் வீட்டு விருந்துகளில் மது பரிமாறும் வேலையும் அவர் செய்ய நேர்ந்தது.

ஹெலன் தம் கருத்தைப் பிளாலாக்கிடமும் தாமஸிடமும் விளக்கினார். கைக்குச் செல்லும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு இணைப்பதென்று முடிவாயிற்று. சொல்வது எளிது, செய்வது அரிது. ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் சுமார் இருநூறு நாய்களில் தாமஸ் ஆய்வு நடத்தினார். முதலில் அவற்றிடம் நீலநோயை உண்டாக்க வேண்டும்; பிறகு அதனைத் தீர்க்க வேண்டும். நூலினும் மெல்லிய தையலுக்கு ஏற்ற ஊசிகளையும் இடுக்கிகளையும் அவரே செப்பனிட்டு அமைத்தார். கல்லூரிப் படிப்பில்லாத அந்தத் தச்சர் மகனின் கைத்திறனைக் கண்டு கற்ற மருத்துவர்கள் வியந்தனர்.

1944 நவம்பர் 29 ஆம் நாள், பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்று அறுவை மேசையில் கிடத்தப்பட்டது. எடை ஏறத்தாழ நான்கு கிலோ. நம் ஊரில் மூன்று மாதக் குழந்தைகூட அதற்கு மேல் நிற்கும். அவ்விணைப்பைத் தாமஸ் நாய்களிற் பலமுறை செய்திருந்தார். பிளாலாக்கோ, தாமஸுக்கு உதவியாளராக நின்று ஒருமுறை செய்தவர். ஆகவே தாமஸைத் தம் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியின் மேல் நிறுத்தி, தையல் தையலாகக் கேட்டுக் கேட்டுச் செய்து முடித்தார். ஹெலனும் உடனிருந்தார். குழந்தை பிழைத்தது, உடலும் தேறியது. சில திங்கள் கழித்து மறுமுறை அறுவை செய்ய நேர்ந்தபோது அது இறந்துபோயிற்று என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 1945 பிப்ரவரியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செய்தபோது, மேசையிலேயே அவன் உதடு நீலம் நீங்கிச் செந்நிறமாயிற்று.

அவ்வாண்டு மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வெளிவந்தது. உலகெங்கிலுமிருந்து பெற்றோர் நீலக் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு பால்டிமோருக்கு ஓடினர். 1951 க்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அங்கே அறுவை நடந்தது. கட்டுரையில் இருந்த பெயர்கள் இரண்டு: பிளாலாக், டாசிக். தாமஸின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இணைப்புக்கும் அவ்விரண்டு பெயர்களே நிலைத்தன. வகுப்பறையின் மூலையில் அமர்த்தப்பட்ட பெண்மணிக்கு முக்காலியின் மேல் நின்றவர் கண்ணிற் படவில்லையே என்பதுதான் எனக்கு இவ்வரலாற்றில் ஆறாத குறை. அம்மையார்பால் நான் கொண்ட மதிப்பு பெரிது. ஆயினும் இதைச் சொல்லாமல் விட்டால் இம்மலரில் இவ்வரலாற்றுக்கு இடமில்லை.

தாமஸிடம் பயின்ற அறுவை மருத்துவர்கள் பின்னாளில் நாடெங்கும் தலைமைப் பதவிகளில் அமர்ந்தனர். அவர்களே கூடித் தம் ஆசானின் உருவப்படத்தை வரைவித்து, 1971 இல் பிளாலாக்கின் படம் இருந்த அதே மருத்துவமனையில் இடம்பெறச் செய்தனர். 1976 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1985 நவம்பரில் அவர் மறைந்தார். இன்று மருத்துவ நூல்கள் பலவற்றில் அவ்விணைப்பு பிளாலாக்–தாமஸ்–டாசிக் என மூவர் பெயராலும் குறிக்கப்படுகிறது.

ஹெலன் 1947 இல் பிறவி இதயக் குறைகளைப் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். குழந்தை இதய மருத்துவம் என்னும் தனித்துறைக்கு அதுவே அடிப்படை. 1949 இல் ரிச்சர்டு பிங் என்பாருடன் சேர்ந்து அரியதொரு கூட்டுக் குறையை விளக்கினார். அதில் பெருந்தமனி முற்றிலும் வலக் கீழறையிலிருந்தே புறப்படும். நுரையீரல் தமனி இரு அறைகளுக்கும் நடுவிலுள்ள துளையின்மேல் அமர்ந்திருக்கும். பார்வைக்கு வேறு குறைகளைப் போலவே தோன்றும் இதனைப் பிரித்தறிந்து காட்டியமையால், அது டாசிக்–பிங் குறை என்று பெயர் பெற்றது.

அவரிடம் பயிலப் பல நாடுகளிலிருந்தும் மாணவர் வந்தனர். அவர்களுள் ஒருவர் நமக்கு அயலார் அல்லர். 1917 இல் பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இரங்கூனில் மருத்துவம் பயின்ற எஸ். பத்மாவதி அம்மையாரே அவர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, அவர் தாயுடனும் சகோதரிகளுடனும் தப்பி வந்து அடைக்கலம் புகுந்த ஊர், நமக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூர். பின்னர் மேல்நாடு சென்று டாசிக்கிடம் பயின்றார். 1953 இல் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியேற்று, இதயநோய்ப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் எனப் போற்றப்பட்ட அவர், 2020 இல் தமது 103 ஆம் வயதில் மறைந்தார். நம் தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949 இலேயே மார்பு அறுவைத் துறையை ரீவ் பெட்ஸ் என்பவர் தொடங்கியிருந்ததும் இங்கு நினைக்கத் தக்கது.

அறுபது வயதைக் கடந்தபின்னும் ஹெலன் ஒரு பெரும்பணி செய்தார். தாலிடோமைடு என்னும் உறக்க மாத்திரையை உண்ட கருவுற்ற தாய்மார்க்குக் கைகால் குறைந்த குழந்தைகள் பிறப்பதாக, ஜெர்மனியைச் சேர்ந்த தம் முன்னாள் மாணவர் வாயிலாக 1962 இல் கேள்வியுற்றார். உடனே அந்நாட்டுக்குச் சென்று மருத்துவமனைகளை நேரிற் கண்டு, திரும்பி வந்து அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சான்றளித்தார். அரசின் மருந்து ஆய்வாளர் பிரான்சிஸ் கெல்சி அம்மையார் ஏற்கெனவே அம்மருந்துக்கு அனுமதி மறுத்து உறுதியாக நின்றிருந்தார். புதிய மருந்துகளைப் பற்றிய சட்டம் அவ்வாண்டே கடுமையாக்கப்பட்டது.

இத்துணை புகழ் பெற்றவரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் முழுப் பேராசிரியராக உயர்த்தியது 1959 இல்தான். அப்போது அவருக்கு வயது 61. உலகம் அவர் பெயரை அறிந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1964 இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் அந்நாட்டுக் குடிமக்களுக்குரிய மிக உயரிய விருதை வழங்கினார். 1965 இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். ஓய்வு பெற்ற பின்னும் ஆராய்ச்சியை விடவில்லை. பறவைகளின் இதயங்களிலும் அத்தகைய பிறவிக் குறைகள் உண்டா என முதுமையில் தேடிக் கொண்டிருந்தார். 1986 மே மாதம், 88 வயது நிறைவதற்குச் சில நாள்களே இருக்கையில், பென்சில்வேனியாவில் நண்பர்களை வாக்களிப்பதற்காகக் காரில் அழைத்துச் சென்றபோது நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார். அவர் எழுதி வைத்திருந்தபடி உடல் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கே அளிக்கப்பட்டது.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்கு ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறை இருக்கும் என்பது மருத்துவர் கணக்கு. 2013 இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் உடல்நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து பிள்ளைகளைச் சோதிக்கின்றனர். பிறவி இதயக் குறையும் அவர்கள் தேடும் குறைகளுள் ஒன்று. குழு வரும் நாளில் பிள்ளையை வேலைக்கோ விருந்துக்கோ அழைத்துச் செல்லாமல் பள்ளிக்கு அனுப்புமாறு நம் பெற்றோரைக் கேட்டுக் கொள்கிறேன். பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி வியர்க்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, அழுதால் உதடும் நகமும் நீலம் பாயும் குழந்தை ஆகியோரைத் தோஷமென்று மந்திரிக்கக் கொண்டு போகாமல், ஊர்ச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அன்றே காட்ட வேண்டும். என் பள்ளியில் ஒவ்வோராண்டும் குழு வருவதற்கு முதல் நாள், விளையாட்டு நேரத்தில் நடுவே குத்துக்காலிட்டு அமரும் பிள்ளை எவரேனும் உண்டா என்று வகுப்பாசிரியர்களைக் கேட்டுப் பெயர்களைக் குறித்து வைத்துக் கொள்கிறேன்.